மயில் கழுத்து நூலும் தபாலில் வந்த பத்திரிகையும்

உத்திரமேரூர்,
சித்திரை மாசம், செவ்வாய்க்கிழமை.

மகா கனம் பொருந்திய மச்சான் ஏகாம்பரம் அவர்களுக்கு, உன் அக்காளைக் கட்டிக்கொண்ட மாமன் வேதகிரி எழுதிக்கொண்டது. சாமி புண்ணியத்தில் இவ்விடம் நான், உன் அக்காள் சொக்கம்மாள், மாடு கன்று யாவரும் நலம். சேவல் மட்டும் நீலம். அவ்விடம் நீயும், தங்கச்சி ராணியம்மாளும், கல்யாணப் பெண் ஆதிலட்சுமியும் என்ன கலரில் இருக்கிறீர்கள் என்று அறிய ஆவல்.

சேவல் சமாச்சாரத்துக்கு அப்புறம் வருகிறேன். முதலில் பத்திரிகை சமாச்சாரம். நீ அனுப்பிய கல்யாணப் பத்திரிகை வந்து சேர்ந்தது. நாலு மூலையிலும் மஞ்சள் தடவி, வழவழவென்று அட்டை, மேலே பிள்ளையார், கீழே உன் பெயர், உன் பெயருக்குக் கீழே என் பெயர். மாமன் பெயரை இவ்வளவு சின்ன எழுத்தில் போட்டாலும் போட்டாயே என்று சந்தோஷம். எல்லாம் நல்லாத்தான் இருந்தது. ஒரே ஒரு குறை. அது தபாலில் வந்தது.

மச்சான், உனக்கு மூளை கீதா? கூடப் பொறந்த அக்காளுக்கு, அதுவும் உன்னை இடுப்பில தூக்கி வளத்த அக்காளுக்கு, வெத்தல பாக்குத் தட்டோட வூட்டு வாசப்படி ஏறி, "அக்கா, என் பொண்ணு கல்யாணம், நீதான் முன்ன நின்னு நடத்தணும்"னு கூப்பிடுவாங்களா, இல்ல ஸ்டாம்பு ஒட்டி அனுப்புவாங்களா? நீ ரைஸ் மில்லு சூபர்வைசரு, நெல்லு வர்ற சீசனு, லீவு கெடைக்கலேன்னு சொல்லுவே. நான் ஒத்துக்குவேன். எனக்கு தபால்ல அனுப்பாம காக்கா கால்ல கட்டி அனுப்பினாலும் நான் பந்திக்கு வந்து குந்திக்குவேன். ஆனா உன் அக்கா ஒத்துக்கணுமே. அவளாவது சும்மா வுட்டிருப்பா, இந்த தபால்காரன் வரதன் கீறானே, அவன் வாய வச்சிக்கினு சும்மா இல்லே. கவர நீட்டிக்கினே கேக்கறான்:

"இன்னாம்மா, உன் தம்பி வூட்டுக் கல்யாணமா? தபால்ல வந்திருக்குது!"

"ஆமாம்ப்பா."

"வாலாஜாபாத்துக்கும் உத்திரமேரூருக்கும் நடுவுல சமுத்திரமா கீது? பஸ்ஸு தானே ஓடுது?"

அவ்வளவுதான். அவன் சைக்கிள ஏறி மிதிச்சிப் போயிட்டான். நான் தான் மாட்டிக்கினேன். உன் அக்கா கவர பிரிச்சா, படிக்கல, திருப்பித் திருப்பிப் பாத்தா. பின்னால ஏதாவது ரெண்டு வரி எழுதியிருக்கியான்னு பாத்தா போலக் கீது. நீ அதுவும் எழுதல. நேரா அடுப்பங்கரைக்குப் போனா. "இனிமே இந்த உசுரு இருக்கற வரைக்கும் அந்த வூட்டு வாசப்படி மிதிக்க மாட்டேன்"னு சொல்லிட்டு, அடுப்புல பொகையுதுன்னு உன் பத்திரிகையாலேயே விசிறினா பாரு, ஒரு விசிறு, சாம்பலெல்லாம் என் மூஞ்சில.

ஆனா அந்த அடுப்புல இன்னா வெந்துக்கினு இருந்துச்சின்னு உனக்குத் தெரியுமா? அங்கதான் கத கீது. அதுல வெந்தது உன் பொண்ணோட கல்யாண ரவிக்கைக்கு நூலு.

உனக்கு ஒரு எழவும் தெரியாது, அதனால ஆரம்பத்திலேர்ந்து சொல்றேன். ஆதிலட்சுமி கல்யாணப் பொடவைக்குத் தைக்க வேண்டிய ரவிக்கைத் துணிய, பங்குனி மாசமே அத்தைக்கு அனுப்பிட்டா. அரக்குக் கலரு துணி. ரெண்டு கையிலும் மயிலு போட்டுத் தரணுமாம். பொடவை மயில் கழுத்துக் கலராம், அதனால மயிலோட கழுத்தும் அதே கலர்ல இருக்கணுமாம். கூட ஒரு கவர்ல, பொடவைல கொசுவத்துக்கு உள்ள போற ஓரத்திலேர்ந்து நகத்தளவு கத்தரிச்சி, மாதிரி வச்சி அனுப்பிச்சிருந்தா. ஆமாம் மச்சான், நீ அலஞ்சி திரிஞ்சி வாங்கின பட்டுப் பொடவைய உன் பொண்ணு கத்தரிச்சிட்டா. இப்ப நீ நாற்காலிய வுட்டு எழுந்திருப்பே. குந்து. கட்டினா தெரியாத எடம் தான்.

உன் அக்கா அந்தத் துண்ட எடுத்துக்கினு காஞ்சிபுரத்துல கடை கடையா ஏறி எறங்கினா. எம்பிராய்டரி நூல்ல நீலம் கீதாம், பச்ச கீதாம், கிளிப்பச்ச கூட கீதாம், மயில் கழுத்து மட்டும் இல்லியாம். கடைக்காரன் "இதுவே மயிலு மாதிரிதாம்மா இருக்கும்"னு ஒரு நூல காட்டியிருக்கான். "நீ மயில பாத்திருக்கியா, இல்ல முருகன் படத்துல மட்டும் பாத்தியா?"ன்னு கேட்டுட்டு எறங்கி வந்துட்டா. வரும்போது வெறுங்கையோட வரல. வெள்ளை நூலு சிட்டம் சிட்டமா, சாயப்பொடி பொட்டலம் பொட்டலமா. "இன்னாடி இது?"ன்னேன். "கடைல இல்லேன்னா வூட்ல பண்ணிக்கறது"ன்னா. தோசை கூட கடைல இல்லேன்னா வூட்ல தானே சுடறோம், அதுமாதிரின்னு நானும் நெனச்சிக்கினேன். மச்சான், தோசை சுட்டா வேட்டி பச்சையாவாது.

இந்த சாய வேலை எப்படின்னா, தண்ணிய கொதிக்க வச்சி, பொடிய கரைச்சி, கல்லுப்ப அள்ளிப் போட்டு, நனைச்சி வச்ச சிட்டத்த உள்ள வுட்டு, ஒரு கோலால புரட்டிக்கினே இருக்கணும். கை நின்னா நூலு திட்டுத் திட்டா ஆயிடும், சொறி புடிச்ச மாதிரி. அதனால கோலு புடிக்க ஆளு வேணும். அந்த ஆளு யாருன்னு நான் சொல்லணுமா? ஏரு ஓட்டின கை, இப்ப நூலு புரட்டுது. சரின்னு புரட்டினேன். மொத தபா எடுத்தா சாம்பக் கலரு. ரெண்டாவது தபா எடுத்தா வாத்து முட்டை மாதிரி. அப்புறம் ஒண்ணு வந்துச்சி, நான் நல்லாக்கீதுன்னேன், அவ அத்த வெளிச்சத்துல புடிச்சி, "இது மயிலு இல்ல, செத்த மயிலு"ன்னா. ஈரத்துல ஒரு கலரு காட்டுது, காஞ்சா வேற கலரு காட்டுது. வெயில்லயும் போடக்கூடாதாம், வெளுத்துடுமாம். நெழல்ல கொடி கட்டி உலத்தணும். நம்ம வூட்ல நெழலு எங்க கீது? மாட்டுக் கொட்டாயில.

இதுல மொத பேஜாரு இட்லிப் பானையால வந்துச்சி. பெரிய ஏனம் வேற இல்லேன்னு அதுல தான் மொத சாயம் காச்சினா. நல்லாத்தான் தேச்சிக் கழுவினா, நான் பொய் சொல்லல. ஆனா மறுநா காலைல நாஷ்டாவுக்குத் தட்ட தெறந்தா, அத்தனை இட்லியும் பச்ச. மழைக்கு அப்புறம் கெணத்து ஓரம் பூக்குமே பாசி, அந்தப் பச்ச. நாங்க ரெண்டு பேரும் இட்லிய பாக்கறோம், இட்லி எங்கள பாக்குது. அந்நேரம் பாத்து பக்கத்து வூட்டு செல்லம்மாள் சட்னிக்குத் தேங்கா கேக்க வந்தா.

"இன்னாக்கா, பச்சையாக் கீது?"

உன் அக்காவுக்கு நாக்குல சனி. "முருங்கக்கீரை அரைச்சி ஊத்தினேன்டி, ஒடம்புக்கு நல்லது"ன்னுட்டா. செல்லம்மாள் நேரா போய் அவ புருஷனுக்கு முருங்கக்கீரைய அரைச்சி ஊத்தி இட்லி சுட்டிருக்கா. அந்த மனுஷன் ரெண்டு நாளா என்ன எதிர்ல பாத்தா தெரு மாறிப் போறான்.

அடுத்தது கன்னுக்குட்டி. நூல்ல உப்புத் தண்ணி ஊறியிருக்குதா, கொட்டாயில கொடி கட்டியிருக்குதா, இது ராத்திரியெல்லாம் எம்பி எம்பி நக்கியிருக்குது. காலைல பால் கறக்கப் போறேன், கன்னு நாக்க நீட்டுது, நாக்கு நீலம். பாம்பு தான் தீண்டிடுச்சின்னு சத்தம் போட்டு, ஓடி மாட்டு டாக்டர கூட்டிக்கினு வந்தேன். அவரு கன்னு வாயத் தெறந்து பாக்கறாரு, கண்ண இழுத்துப் பாக்கறாரு, வால தூக்கிப் பாக்கறாரு. கன்னு துள்ளுது. கடைசில மேல கொடிய பாத்தாரு, கன்னு நாக்க பாத்தாரு, என் கைய பாத்தாரு. "யோவ், மூணும் ஒரே கலரு தானேய்யா"ன்னு சொல்லிட்டுப் பைய எடுத்துக்கினு போயிட்டாரு.

இப்ப சேவலு. அது கொடிக்கு நேரா கீழ நின்னுக்கினு கூவறது வழக்கம். சொட்டு சொட்டா வுழுந்து, முதுகு பூரா நீலம், கழுத்து மட்டும் வெள்ள. பொட்டக் கோழியெல்லாம் இது யாரோ வெளியூருக்காரன்னு கொத்தித் தொரத்துது. அடுத்த தெருவிலேர்ந்து ஆளுங்க வந்து, இது எந்த ஊரு ஜாதி, குஞ்சு கெடைக்குமான்னு கேக்கறாங்க. என் வேட்டிய பத்தித் தனியா எழுதணும். டீக்கடைல ஒருத்தன் என் வேட்டிக் கறைய பாத்துட்டு, "இன்னா வேதகிரி, ஒரு பக்கம் பச்ச, ஒரு பக்கம் நீலம், புதுக் கட்சியா?"ன்னான். "ஆமாம்ப்பா, எங்க வூட்ல ஆரம்பிச்சிருக்குது. தலைவி அவ, தொண்டன் நானு"ன்னு சொல்லி டீய குடிச்சேன்.

இந்தக் கூத்துக்கு நடுவுல தான் உன் பத்திரிகை தபால்ல வந்துச்சி. நான் இன்னா நெனச்சேன்னா, சரி, கோவம் வந்துடுச்சி, இதோட சாயத்துக்கு ஒரு முழுக்கு, இட்லி வெள்ளையாயிடும், நாமும் வேட்டிய தோய்ச்சிக் கட்டலாம்னு நெனச்சேன். எங்க? அன்னைலேர்ந்து தான் வெறி புடிச்ச மாதிரி பண்ணிக்கினு கீறா. முன்னெல்லாம் ஒரு சாயம் சரியா வரலேன்னா நாலு திட்டு திட்டுவா, படுத்துப்பா. இப்ப திட்டறதில்ல, பேசறதில்ல, அடுத்த சிட்டத்த நனைக்கறா. நான் மொள்ள கேட்டேன்.

"யாருக்குடி இந்த மயிலு?"

"என் மருமவளுக்கு."

"கல்யாணத்துக்குத்தான் போவ மாட்டேன்னியே?"

"நான் போவ மாட்டேன். மயிலு போவும்."

நேத்து சாயங்காலம் ரவிக்கைக் கையில மயிலோட தோகையெல்லாம் போட்டு முடிச்சிட்டா. கண்ணு போட்டாச்சி. மூக்கு போட்டாச்சி. கழுத்து மட்டும் போடல. அந்த எடம் வெறுமையா கீது. தலை தனியா, ஒடம்பு தனியா, ரெண்டு கையிலும் ரெண்டு மயிலு கழுத்து இல்லாம நிக்குது. அத்த மடில வச்சிக்கினு, உள்ளங்கைல அந்த நகத்தளவு துண்ட வச்சிக்கினு, ரொம்ப நேரம் குந்திக்கினு இருந்தா. "ஏகாம்பரம் சின்னப் புள்ளையா இருக்கசொல்ல, நான் தைக்காத சட்டைய அவன் போட்டதில்ல"ன்னா. என்கிட்ட சொல்லல, மயிலு கிட்ட சொன்னா. எனக்கு சிரிப்பு வரல மச்சான். எனக்கே வரலேன்னா பாத்துக்கோ.

அதனால மாமன் சொல்றத கேளு. வர்ற வெள்ளிக்கெழம மில்லு கில்லு எதுவும் வாணாம். நீயும் தங்கச்சியும் குளிச்சி முழுகி, தட்டுல வெத்தல, பாக்கு, பூ, பழம், மஞ்ச, குங்குமம் வச்சி, மேல புதுப் பத்திரிகை ஒண்ணு வச்சி, நேரா வூட்டுக்கு வாங்க. பழசு வாணாம், அது அடுப்பு விசிறி பாதி கருகிப் போச்சி. வந்த உடனே திட்டுவா. நைனா காலத்திலேர்ந்து ஆரம்பிச்சி திட்டுவா. நீ வாயத் தெறக்காதே. தலைய குனிஞ்சிக்கோ, தரைல ஒரு கலரும் இன்னொரு கலரும் சேந்து ஓடியிருக்கும், அத்த பாத்துக்கினு நில்லு, பொழுது போவும். சொம்புல தண்ணி குடுப்பா, சொம்பு ஏன் நீலமாக் கீதுன்னு கேக்காதே, குடிச்சிடு. அப்புறம் தட்ட நீட்டு. அவ வாங்க மாட்டா. நீட்டிக்கினே இரு. நூலு புரட்டற மாதிரி தான், கை நிக்கக் கூடாது.

ஆளு அனுப்பி ரவிக்கைய மட்டும் வாங்கிக்கலாம்னு கனவுல கூட நெனைக்காதே. அப்படி யாராவது வந்தா, அவனும் நீலமாத்தான் திரும்பி வருவான். நீ வரலேன்னா உன் அக்கா மணையண்டை நிக்க மாட்டா, ஆரத்தி எடுக்க மாட்டா, மாகறல்லேர்ந்து வர்ற மாப்பிள்ளை வூட்டுக்காரங்க "பொண்ணோட அத்தை எங்க?"ன்னு கேப்பாங்க, நீ தபால்ல தேடிக்கோ. இது மாமனோட உத்தரவு, கெஞ்சல், ரெண்டும்.

ஆதிலட்சுமி பதினாறும் பெற்றுப் பெருவாழ்வு வாழ எங்கள் ஆசீர்வாதம். தங்கச்சி ராணியம்மாளுக்கு என் அன்பான விசாரிப்பு. உனக்கு விசாரிப்பு கிடையாது, வெள்ளிக்கிழமை வந்து வாங்கிக்கொள். எழுத்து கோணலாக இருந்தால் மூணாங் கிளாஸோடு மாடு மேய்க்கப் போனதால், காகிதம் நீலமாக இருந்தால் கை.

இப்படிக்கு,
உன் நலம் கோரும் மாமன்,
வேதகிரி

பின்குறிப்பு: மச்சான், மேல எழுதினது அத்தனையும் அடிச்சிடு. வெள்ளிக்கெழம வராதே. வந்தா இங்க பூட்டு தான் தொங்கும்.

நேத்து இத்த எழுதி மடிச்சி வச்சிட்டுப் போனேன், உன் அக்கா கடைசியா ஒரு சாயம் காச்சிக்கினு இருந்தா. சிட்டத்த வெளில எடுத்தா, துண்ட பக்கத்துல வச்சா, தலைய ஆட்டினா. "ஈரத்துல ஒண்ணும் புரியல"ன்னா. நான் எப்பவும் இல்லாத அறிவோட, "ஏன்டி, நூலு ஈரம், துண்டு காஞ்சது, எப்படி ஒத்துப் போவும்? அத்தயும் நனைச்சிப் பாரு"ன்னேன். அவளுக்கும் அலுப்பு, சரின்னு துண்ட டபுக்குனு நனைச்சா. எதுல? பக்கத்துல தண்ணிக் குடம் கீது. அத்த வுட்டுட்டு, எதிர்ல கொதிச்சிக்கினு கீற சாயத்துல. அந்த நகத்தளவு துண்டு, கோலுக்கு மாட்டாம சுத்திச் சுத்தி ஓடி, நாங்க ரெண்டு பேரும் கரண்டி போட்டுத் தேடி எடுக்கறதுக்குள்ள நல்லா வெந்துடுச்சி. எடுத்து நூலு பக்கத்துல வச்சோம். மச்சான், அப்படி ஒரு பொருத்தம் நீ பாத்திருக்க மாட்டே. ஒரு இழை வித்தியாசம் இல்ல. ரெண்டு பேரும் "வந்துடுச்சி, வந்துடுச்சி"ன்னு குதிச்சோம். அவ என் கைய புடிச்சிக்கினு சிரிச்சா, பத்திரிகை வந்ததுக்கு அப்புறம் இப்பதான் சிரிச்சா. கொஞ்ச நேரம் கழிச்சி தான் அவளுக்கு ஒறைச்சிது. துண்டு நூலு மாதிரி ஆயிடுச்சே தவிர, பொடவை எப்படி இருந்துச்சின்னு இப்ப யாருக்குத் தெரியும்? எனக்கு நெனவில்ல. அவளுக்கு நெனவிருக்குது, ஆனா நம்பிக்கை இல்ல.

இன்னிக்குக் காலைல எழுந்திரிச்சிப் பாக்கறேன், உன் அக்கா தலைக்குக் குளிச்சி, பூ வச்சிக்கினு, பைய கட்டி வச்சிக்கினு குந்திக்கினு கீறா.

"எங்கடி?"

"வாலாஜாபாத்."

"அந்த வாசப்படி மிதிக்க மாட்டேன்னியே?"

"நான் ஒண்ணும் கல்யாணத்துக்குப் போவல. நூல பொடவை பக்கத்துல வச்சிப் பாக்கப் போறேன். வாசல்லயே நிப்பேன், பொடவைய வெளில எடுத்துக்கினு வரட்டும்."

"நூலு பாக்கப் போறவளுக்கு நாலு பொடவை, பட்டுப் பொடவை, சாயப்பொடி, கோலு எல்லாம் எதுக்கு?"

"கலரு சரியில்லேன்னா மறுபடியும் காச்சணும். காயறதுக்கு நாளாவும்."

"எவ்ளோ நாளு?"

"கல்யாணம் வரைக்கும் ஆவும்"னு சொல்லிட்டு, அவளே மூஞ்சிய மூடிக்கினா.

இந்தக் கடுதாசிய மொத பஸ்ஸு கண்டக்டர் இருசப்பன் கிட்ட குடுத்தனுப்பறேன், மில்லு வாசல்ல நிறுத்தி உன் கைல குடுத்துடுவான். அடுத்த பஸ்ஸுல நாங்க. அதுக்குள்ள வூட்டுக்கு ஓடி, தட்டு வெத்தல பாக்கு எல்லாம் எடுத்துக்கினு, தங்கச்சியயும் கூட்டிக்கினு பஸ் ஸ்டாண்டுக்கு வந்துடு. வாசப்படி கணக்கு பஸ்ஸு படிக்கட்டோட தீந்துடும். அவ எறங்கசொல்ல உன்ன பாத்துட்டு, பாக்காத மாதிரி மூஞ்சிய அந்தாண்ட திருப்பிக்குவா. நீ தட்ட எடுத்துக்கினு அந்தாண்ட போய் நில்லு.